நண்பனின் முப்பதாம் நாளில் சிரித்தோம், தவறா டாக்டர்?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் 47 வயது வாசகர் எழுதியிருக்கிறார். சொந்த ஊர் ராமேசுவரம் தீவில் ஒரு மீனவக் கிராமம். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

1995இல் பிளஸ் டூ படித்தபோது பள்ளிக் கபடி அணியில் இருந்த ஏழு பேர் இன்றுவரை நெருக்கமான நண்பர்கள். இடது கார்னரில் நின்றவருக்கு அவர்கள் வைத்த பெயர் நண்டு. கணுக்காலைப் பிடித்தால் விடவே மாட்டாராம். (பட்டப்பெயரைப் போடலாம் என்று வாசகரே சொல்லிவிட்டார்.) நாட்டுப்படகு வைத்துத் தொழில் செய்த அவர், மூன்றரை மாதங்களுக்கு முன் ஒரு புதன்கிழமை காலை கரைக்கு வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் மாரடைப்பில் இறந்துவிட்டார். மனைவி, பிளஸ் ஒன் படிக்கும் மகன், எட்டாவது படிக்கும் மகள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து, மிச்சமிருக்கும் ஆறு பேரும் வீட்டுக்குப் பக்கத்தில் பனைமரத்தடியில் உட்கார்ந்து பழைய ஆட்டங்களைப் பேசியிருக்கிறார்கள். ராமநாதபுரத்தில் நடந்த மாவட்ட இறுதிப் போட்டியில், நடுவர் விசில் அடித்த பிறகும் நண்டு எதிரணிக்காரனின் காலை விடாமல் மண்ணில் கிடந்த கதை வந்தபோது எல்லோரும் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்கள். இறந்தவருடைய மனைவியின் அண்ணன் வெளியே வந்து, "செத்த வீட்டுல உங்களுக்கு என்னய்யா சிரிப்பு?" என்று கேட்க, தலைகுனிந்து கலைந்திருக்கிறார்கள். கிளம்பும்போது நண்பரின் மகன் இவரிடம், "சித்தப்பா, அப்பா நெசமாவே நல்லா விளையாடுவாரா?" என்று கேட்டிருக்கிறான். பதில் சொல்ல முடியாமல் இவர் பஸ் ஏறிவிட்டார்.

அதிலிருந்து நடு இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. தூங்குவதற்காகக் குடிக்க ஆரம்பித்திருக்கிறார். நெஞ்சு படபடக்கிறது என்று இரண்டு முறை ஈசிஜி எடுத்தும் ஒன்றுமில்லை. "கூடப் பொறந்த அண்ணன் செத்தப்பகூட நீங்க இப்படி இல்லையே" என்கிறார் மனைவி. துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் (மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு) என்று எங்கோ படித்தாராம், தான் இரண்டாவதிலேயே நின்றுவிட்டதாக நினைக்கிறார். முதலாண்டு நினைவு நாளில் நண்பர் பெயரில் கபடிப் போட்டி நடத்த மற்றவர்கள் 1,80,000 ரூபாய் வரை சேர்த்திருக்கிறார்கள். அதில் இவருக்கு மனம் ஒப்பவில்லை.

கடைசியில் இன்னொன்று. இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, திங்கட்கிழமை சாயங்காலம், நண்பர் போன் செய்திருக்கிறார். நெஞ்சு கரிக்கிறது, இடது தோளும் வலிக்கிறது, வலை இழுத்ததாலோ என்னவோ என்று சொல்லியிருக்கிறார். "வாய்வா இருக்கும்டா, சோடா குடி, சரியாயிரும்" என்று இவர் சொல்லியிருக்கிறார். இதை வேறு யாரிடமும் இதுவரை சொல்லவில்லை.

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் மூன்று பக்கத்துக்கு மேல் கபடி. ஆட்டம் முடிந்து பஸ்ஸுக்குக் காசில்லாமல், மீன் ஏற்றப் போகும் லாரியில் காலி ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து பாம்பன் பாலத்தைக் கடந்ததுவரை எழுதியிருக்கிறீர்கள். அந்த போனுக்கு மட்டும் மூன்று வரி, அதுவும் "அப்புறம் இன்னொரு விஷயம்" என்று தொடங்கி. எனக்கு இது புதிதில்லை. என்னிடம் வருகிறவர்களில் பலர், எல்லாம் பேசி முடித்து எழுந்து கதவுப் பக்கம் போன பிறகுதான் வந்த காரியத்தைச் சொல்வார்கள். உங்களை வதைப்பது பனைமரத்தடிச் சிரிப்பு இல்லை, அந்த போன்தான் என்பது என் கணிப்பு. ஆனாலும் கேட்ட வரிசையிலேயே வருகிறேன்.

சிரித்தது பற்றி

தவறில்லை. சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் பெண்கள் என்ன செய்கிறார்கள்? இறந்தவர் எப்படி நடப்பார், எதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார், யாரை எப்படித் திட்டுவார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லித்தான் அழுகிறார்கள். ஆம்பளைகளுக்கு அப்படி ஒரு வழியை நம் ஊரில் யாரும் வைக்கவில்லை. பந்தலில் நாற்காலி போட்டுக் கைகட்டி உட்கார வேண்டும், தூக்கிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். உங்கள் ஆறு பேருக்கும் அந்த மாவட்டப் போட்டிதான் ஒப்பாரி. சிரிப்பில் முடிந்துவிட்டதால் அது துக்கம் இல்லை என்று ஆகிவிடாது.

ஐந்து கட்டம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதை 1969இல் எழுதிய எலிசபெத் கியூப்ளர் ராஸ் என்ற மருத்துவர், தாங்கள் சாகப் போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளிடம் பேசித்தான் அதை எழுதினார். பிரிந்தவரை நினைத்து ஏங்குகிறவர்களுக்கு அதைப் பொருத்தியது பிறகு நடந்தது. படி ஏறுவதுபோல ஒன்று முடிந்து அடுத்தது வரும் என்று காத்திருந்தால் எல்லோருமே "நின்றுவிட்டவர்கள்"தான். 1999இல் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சொன்னது எனக்கு இன்னும் சரியாகப் படுகிறது. துக்கத்தில் இருப்பவர் இழப்பின் பக்கம் கொஞ்ச நேரமும், பிழைப்பின் பக்கம் கொஞ்ச நேரமுமாகப் போய்வந்துகொண்டே இருப்பார், அப்படிப் போய்வருவதே ஆரோக்கியம் என்கிறார்கள். காலையில் பூசையில் கண்கலங்கி, மதியம் சிரித்து, இரவு பஸ்ஸில் அழுதது, எல்லாம் ஒரே நாளில் நடந்ததில் கோளாறு எதுவும் இல்லை.

அதற்காக அந்த அண்ணனை வில்லனாக்கிவிடாதீர்கள். உள்ளே தங்கை இரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறார், வெளியே ஆறு பேர் சிரிக்கும் சத்தம். எதற்குச் சிரித்தீர்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நீங்கள் ஐம்பது அடி தள்ளிக் கடற்கரைப் பக்கம் உட்கார்ந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவரைத் தனியாகப் பார்த்து, எந்தக் கதைக்குச் சிரித்தீர்களோ அந்தக் கதையைச் சொல்லுங்கள். மன்னிப்பு கேட்பதைவிட இது பலன் தரும்.

அந்தப் பையன் கேட்ட கேள்வியை மட்டும் அதுவரை தள்ளிப்போட வேண்டாம். இந்த வாரமே போன் செய்யுங்கள். அப்பா என்றால் விடியக்காலை வலையோடு வருகிற மனிதர், கடன் பேசுகிற மனிதர் என்றுதான் அந்த வயதுப் பையனுக்குத் தெரிந்திருக்கும். அவனுடைய வயதில் அப்பா எப்படி இருந்தார் என்பது உங்கள் ஆறு பேரிடம்தான் இருக்கிறது. அந்த மாவட்ட இறுதிப் போட்டியின் ஸ்கோர் 21க்கு 20 என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். இன்னொருவர் 28க்கு 27 என்கிறாராம், ஒருவர் அன்றைக்கு மழை என்கிறார், ஒருவர் மண்டை பிளக்கும் வெயில் என்கிறார். முப்பது வருட ஞாபகம் அப்படித்தான் இருக்கும். எது சரி என்று முடிவுகட்டாமல் ஆறு கதையையும் அவனுக்குக் கொடுங்கள். தோற்றோம் என்பதையும் மறைக்காதீர்கள்.

உங்கள் மனைவி கேட்டதில் ஏளனம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை, பயம்தான் தெரிகிறது. சொந்தத்துக்கு அழ ஊரே இடம் கொடுக்கும். நண்பனுக்கு அழுகிறவனுக்குத் தீட்டும் இல்லை, லீவும் இல்லை, மறுநாளே ஷிப்ட்டுக்குப் போக வேண்டும். ஊர் கணக்கில் எடுத்துக்கொள்ளாத இந்த வகைத் துக்கத்தைப் பற்றி கென்னத் டோக்கா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989லேயே எழுதினார். அண்ணனோடு ஒரே வீட்டில் வளர்ந்தீர்கள். நண்டுவை நீங்களாகத் தேர்ந்தெடுத்தீர்கள். இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை என்று மனைவியிடம் சொல்லிப் பாருங்கள். அவரிடம் நீங்கள் இன்னும் சொல்லாத அந்த விஷயத்தைச் சொன்னால், மிச்சமும் அவருக்குப் புரியும்.

திங்கட்கிழமை போன்

"நான்தான் அவன் சாவுக்குக் காரணமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வலிக்கும் இதயத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொன்னால் அது பொய்யாக இருக்கலாம், நீங்களும் நம்ப மாட்டீர்கள். நெஞ்சு எரிச்சலும் இடது தோள் வலியும் சேர்ந்து வந்தால் மருத்துவர்கள் முதலில் இதயத்தைத்தான் சந்தேகிப்போம். அன்றே ஈசிஜி எடுத்திருந்தால் தெரிந்திருக்கலாம். முதல் ஈசிஜியில் ஒன்றும் தெரியாமல் திரும்பி வந்தும் இருக்கலாம், அதுவும் நடக்கிறது.

ஆனால் நீங்கள் திங்கட்கிழமை சொன்ன பதிலை, புதன்கிழமை தெரிந்துகொண்டதை வைத்துக்கொண்டு எடைபோடுகிறீர்கள். திங்கட்கிழமை உங்கள் முன்னால் இருந்தது என்ன? நாள் முழுக்க வலை இழுக்கிற ஒருவர், தோள் வலிக்குத் தானே காரணமும் சொல்கிறார், நெஞ்சு கரிப்பதாகச் சொல்கிறார். உங்கள் தெருவில் பத்துப் பேரைக் கேட்டிருந்தால் ஒன்பது பேர் வாய்வு என்றுதான் சொல்லியிருப்பார்கள். அதன் பிறகு முழுதாக ஒரு நாள் இருந்தது. அவர் வீட்டில் இருந்தார், சாப்பிட்டார், செவ்வாய் ராத்திரி தொழிலுக்குப் போனார். வேறு யாரிடமெல்லாம் சொன்னார், வலி குறைந்ததா, மருத்துவமனைக்குப் போக நினைத்துத் தள்ளிப்போட்டாரா, எதுவும் உங்களுக்குத் தெரியாது. நீங்கள் சொன்ன பதில் தவறு. அது அறியாமையில் சொன்ன தவறான பதில். அதற்கும் குற்றத்துக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியை மறந்துவிட்டு மூன்றரை மாதமாக உங்களை நீங்களே கூண்டில் ஏற்றி நிறுத்தியிருக்கிறீர்கள்.

யாரிடம் சொல்வது என்பதை யோசித்துச் செய்யுங்கள். நண்பரின் மனைவியிடம் போய்க் கொட்டிவிட வேண்டும்போல இருக்கிறது என்கிறீர்கள். இப்போது வேண்டாம். உங்கள் பாரம் இறங்கும், அது அவர் தலையில் ஏறும். அந்த ஒரு நாளில் தானும் கவனிக்காமல் விட்டோமோ என்று அவரே உள்ளுக்குள் மறுகிக்கொண்டிருக்கலாம். அவராக என்றாவது "கடைசியா உங்ககிட்ட பேசினாரா?" என்று கேட்டால், அன்றைக்கு மறைக்காமல் சொல்லுங்கள். அதுவரை உங்கள் மனைவியிடம் சொல்லலாம், அந்த ஐந்து பேரில் நிதானமான ஒருவரிடம் சொல்லலாம். பழைய ஆட்டத்தை எத்தனை முறை பேசினாலும், இதைப் பேசாதவரை உங்களுக்கு மூன்று மணி விழிப்பு வந்துகொண்டுதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் செய்யலாம். அந்தப் பதிலை இனி உங்கள் ஊரில் யாரும் சொல்லாமல் இருக்க வையுங்கள். நெஞ்சில் அழுத்தமோ எரிச்சலோ சில நிமிடங்களுக்கு மேல் நின்றால், அது தோள், கை, தாடை, முதுகு என்று பரவினால், வியர்வையோ மூச்சுத்திணறலோ சேர்ந்தால், சோடாவுக்குக் கடையைத் தேடாமல் 108ஐ அழைக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் அந்த வலி இன்னும் மங்கலாக, வெறும் அஜீரணம்போலவும் வரும். 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சுவலியோடு வருகிறவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகள் உள்ளிட்ட முதல் டோஸைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். தீவிலிருந்து ராமநாதபுரம் போய்ச் சேரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இது கரையில் இருக்கிற எத்தனை பேருக்குத் தெரியும்?

தூக்கம், குடி, அந்த ஒரு வரி

குடித்தால் தூக்கம் வருகிறது என்பது பாதிதான் உண்மை. முதல் இரண்டு மூன்று மணி நேரம் அடித்துப்போட்டதுபோல வரும். போதை இறங்கும்போது தூக்கம் உடையும். உங்கள் மூன்று மணி விழிப்பில் துக்கத்துக்கும் பங்கு உண்டு, பாட்டிலுக்கும் உண்டு. தினமும் குடிக்கிற நிலைக்கு வந்திருந்தால் திடீரென்று நிறுத்தாமல், ஒரு மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். நண்பர்கள் கூடும்போதும் பாட்டில் இல்லாமல் ஒருமுறை கூடிப் பாருங்கள். கதை இன்னும் தெளிவாக வரும்.

ஈசிஜி சரியாக இருந்தும் நெஞ்சு படபடப்பது பதற்றத்தால் இருக்கலாம். இறந்தவருக்கு வந்த அதே நோவு நமக்கும் வருவதுபோலத் தோன்றுவது துக்கத்தில் சகஜம். அப்படிச் சொல்லிக்கொண்டு சும்மா இருக்கவும் வேண்டாம். 47 வயதில் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

"அவன்கூடயே போயிருக்கலாம்னு சில நேரம் தோணுது" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ஏக்கத்தில் சொல்வது ஒன்று, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வேறொன்று. உங்களுடையது எது என்று கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. இரண்டாவதாக இருந்தால், எப்படி என்று யோசிக்கும் அளவுக்கு வந்திருந்தால், இன்றைக்கே மனைவியிடம் சொல்லுங்கள், 14416க்குப் போன் செய்யுங்கள். அது அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், இலவசம், ராத்திரி மூன்று மணிக்கும் தமிழில் பேச ஆள் இருப்பார்கள். திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரையும் பார்க்கலாம்.

மூன்றரை மாதத்தில் இன்னும் ஆறவில்லையே என்பதை நான் நோயாகப் பார்க்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் நீடித்த துக்கம் என்று சொல்லவே குறைந்தது ஆறு மாதம் ஆகவேண்டும், அமெரிக்க மனநல மருத்துவர்கள் பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்று வைத்திருக்கிறார்கள். ஆனால் தூக்கமும் குடியும் அதுவரை காத்திருக்கக் கூடாது.

போட்டியும் பணமும்

இது முழுக்க என் துறை இல்லை. இருந்தாலும் உங்கள் மனம் ஏன் ஒப்பவில்லை என்று புரிகிறது. பிளக்ஸ், மைக் செட், கோப்பை, வருகிற அணிகளுக்குச் சாப்பாடு என்று போனால் 1,80,000 ஒரே நாளில் கரையும். அதே நாளில் அந்தப் பிள்ளைகள் பள்ளிக் கட்டணத்துக்கு யாரிடமாவது நின்றால்? போட்டியே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், அந்த ஆட்டம் அவருக்கு உயிர். ஆனால் முதலில் அந்த அம்மாவிடம் கேளுங்கள். முதலாண்டு நாளில் அவருக்குப் பூசை இருக்கும், கல்லறைக்குப் போவார், பக்கத்தில் மைக்கில் ஸ்கோர் சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும், பிள்ளைகளுக்கும் லீவு. அப்போது வைத்தால் ஆட்டத்துக்கும் ஆள் சேரும்.

குடும்பத்துக்கான பணம், போட்டிக்கான பணம் என்று இரண்டாகப் பிரியுங்கள். கொடுத்தவர்களிடம் எதற்குக் கொடுத்தார்கள் என்று கேட்டுப் பிரிப்பதுதான் முறை. இப்போது எல்லாம் ஒரு நண்பரின் சொந்தக் கணக்கில் கிடக்கிறது என்கிறீர்கள். அவர் நல்லவர் என்பதால்தான் சொல்கிறேன், அவருக்கே இது நாளைக்குத் தலைவலி. குடும்பத்தின் பங்கைச் சீக்கிரம் அந்த அம்மாவின் கணக்குக்கு மாற்றி, வரவு செலவுக் கணக்கைப் பணம் கொடுத்த எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.

மீனவர் இறந்ததால் அரசு ஐந்து லட்சம் தரும் என்று உங்கள் நண்பர்கள் எண்ணியிருப்பது சரியில்லை. அந்த ஐந்து லட்சம் குழு விபத்துக் காப்பீட்டில் வருவது, விபத்து மரணத்துக்குத்தான். கரையில் வந்த மாரடைப்புக்கு அதை நம்பி உட்காராதீர்கள். அவர் மீனவர் நல வாரியத்தில் உறுப்பினராக இருந்திருந்தால் இயற்கை மரணத்துக்கும் உதவித்தொகை உண்டு, மீன்வளத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். அவருடைய வங்கி பாஸ்புக்கையும் புரட்டிப் பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு, எந்தக் காரணத்தால் இறந்தாலும் வாரிசுதாரருக்கு இரண்டு லட்சம் கிடைக்கும். பல குடும்பங்களுக்கு அப்படி ஒன்று பிடித்துக்கொண்டிருந்ததே தெரிவதில்லை. மூன்றரை மாதம் ஆகிவிட்டதே என்று விட்டுவிடாமல், இறப்புச் சான்றிதழோடு வங்கிக்குப் போகச் சொல்லுங்கள். திருப்பூரில் இருந்துகொண்டே ஒரு போனில் நீங்கள் ஆரம்பித்து வைக்கக்கூடிய வேலை இது.

கடைசியாக, போட்டியன்று நீங்கள் ஆறு பேரும் இறங்கி ஒரு ஆட்டம் ஆடப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பகீர் என்றது. இருபது முப்பது வருடம் ஆடாத உடம்பு, நாற்பத்தேழு வயது, கூட்டம் கைதட்டும்போது வரும் வேகம். பழக்கமில்லாத திடீர்க் கடும் உழைப்பு மாரடைப்பைத் தூண்டும். ஆடித்தான் ஆகவேண்டும் என்றால் இரண்டு மாதம் முன்பே நடையில் தொடங்குங்கள், ஒவ்வொருவரும் மருத்துவரைப் பார்த்து அவர் ஆடலாம் என்று சொன்ன பிறகு இறங்குங்கள். இருபது நிமிடப் பாதியைப் பத்தாகக் குறையுங்கள். மைதானத்தில் ஆம்புலன்ஸ் நிற்கட்டும். டாக்டரிடமெல்லாம் போக முடியாது என்று அடம்பிடிக்கிறவர் யாராவது இருந்தால், அவர் கையில் விசிலைக் கொடுத்து நடுவராக நிறுத்திவிடுங்கள்.